முப்பத்தோராம் நாள்

அம்லோடிபின் 5 மில்லிகிராம், பிரஷர் மாத்திரை. பத்து பத்தாக மூன்று அட்டை. ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, கவர்மேல் உதிக்கிற சூரியன் படம் ஒட்டியிருந்தோம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் ‘காலையில் ஒன்று’ என்று புரியவேண்டும் என்பதற்காக, வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டிய படம். அந்தக் கவரை ஒரு பாட்டியின் உள்ளங்கையில் வைத்தேன்.

கம்போடியாவில் வயதான பெண்களை ‘யேய்’ என்று கூப்பிடுகிறார்கள். இந்த யேய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் கட்டம் போட்ட க்ரமா துண்டு. பிரஷர் 178/104. எங்கள் டாக்டர் அண்ணன் அவரைப் பத்து நிமிடம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தார், 176/102. சீட்டு எழுதி என் மேஜைக்கு அனுப்பினார். நான் பார்மஸிஸ்ட். சீட்டைப் பார்த்தேன், கவரை எடுத்தேன், கொடுத்தேன். யேய் இரண்டு கையையும் கூப்பி நெற்றிவரை தூக்கி “ஆர்குன்” என்றார். நன்றி என்று அர்த்தம்.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார் அந்த ஊர் ஹெல்த் சென்டர் நர்ஸ். ஒவ்வொருவர் பெயரையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்:

“முப்பது நாளுக்கு இருக்கிறது. முப்பத்தோராம் நாள்?”

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதில் என்ன எழுதுவது என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் வரிசை நின்றது. “உங்க பாஸ்டர்கிட்டப் பேசுறோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டேன். நர்ஸ் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் சபையிலிருந்து கம்போடியாவுக்கு ஊழியப் பயணம் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர், பத்து நாள், ஜூலை மாதம். இரண்டு டாக்டர்கள், நான், மற்றவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள். அந்த மாதத்தில்தான் எல்லோருக்கும் லீவு ஒத்துவந்தது. தேதியைத் தீர்மானித்த காரணம் அது ஒன்றுதான் என்பதை நான் அப்போது யோசிக்கக்கூட இல்லை. எட்டு வாரம் சனிக்கிழமை தோறும் கூடினோம். குறுநாடகம் ஒத்திகை பார்த்தோம், ‘இயேசு உன்னை நேசிக்கிறார்’ என்பதைக் கெமர் மொழியில் மனப்பாடம் செய்தோம். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் அடித்தோம். கடைசி ஞாயிறு ஆராதனையில் எங்களை முன்னால் முழங்காலிடவைத்து, மூப்பர்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்பினார்கள். வேதாகமத்தில் அந்தியோகியா சபை பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கு அனுப்பியதுபோல, என்று பாஸ்டர் ஐயா சொன்னபோது நிஜமாகவே எனக்குக் கண் கலங்கியது. அந்தியோகியாவிலிருந்து போனவர்கள் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருந்தேன். தெரிந்தவர்கள் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை எல்லாம் பையில் கட்டிக்கொண்டுவந்து ‘ஊழியத்துக்கு’ என்று நீட்டினார்கள். ஒன்றையும் வாங்கவில்லை. மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அந்த நாட்டில் போய் இறங்கும் நாளில் மருந்து காலாவதியாகக் குறைந்தது ஒரு வருடம் இருக்கவேண்டும் என்பது அதில் ஒரு விதி. எங்கள் பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் பதினான்கு மாதம் இருந்தது. நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

புனோம் பென்னிலிருந்து தெற்கே, தாக்கேவ் மாகாணம். வேனில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியெல்லாம் தண்ணீர் கட்டிய வயல், வரப்பில் பனைமரம். கம்போடியாவின் தேசிய மரமே பனைதான். ஊர்ச் சபை என்பது கால்மேல் நின்ற ஒரு மரவீடும், அதன் முன்னால் தகரம் போட்ட கொட்டகையும். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வருவார்களாம். அங்கே பாஸ்டரை ‘லோக் க்ரு’ என்கிறார்கள். ‘க்ரு’ நம் ‘குரு’வேதான். லோக் க்ருவும் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் மாடி முழுவதையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கீழே, மாடு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொசுவலை கட்டிப் படுத்தார்கள். எங்களுக்காகப் பன்னிரண்டு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு. நாங்கள் நாற்காலியில், அவர்கள் பாயில். அங்கே இருந்த நாளெல்லாம் அப்படியே போனது. நாங்களும் யாரும் எழுந்து பாயில் உட்காரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாத்தி. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. விரல் நுழையாத நெருக்கம், காற்றடித்தால் பட்டுத்துணி புரளுகிற மாதிரி. வந்து இறங்கிய மறுநாள் காலை எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதில் ஒன்றுதான் பிறகு எங்கள் சபைச் செய்திமடலின் அட்டைப்படமானது. ‘வயல்நிலங்கள் அறுப்புக்கு விளைந்திருக்கிறது’ என்ற வசனத்தோடு.

அது நாற்றங்கால். நாற்றைப் பிடுங்கி நடவேண்டிய வாரம் அது. அதை விட்டால் நாற்று முற்றிவிடும், தூர் கட்டாது, விளைச்சல் குறையும். எங்களுக்குச் சமைக்கவும், மைக் செட்டுக்கு அலையவும், போலீஸ் போஸ்ட்டில் எங்கள் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டு வரவும், வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வழிகாட்டவும் லோக் க்ருவுக்கு நாங்கள் இருந்த நாளெல்லாம் போய்விட்டது. எட்டாம் நாள் நாற்றின் நுனி மஞ்சளாகத் தொடங்கியதை நானே பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் போனபிறகு அவர் கடன் வாங்கிக் கூலிக்கு ஆள் வைத்து நட்டார் என்பது எட்டு மாதம் கழித்து, அதுவும் நர்ஸ் வாயிலாகத்தான் தெரியவந்தது. லோக் க்ரு கடைசிவரை மூச்சுவிடவில்லை.

மருத்துவ முகாமுக்கு வருகிறேன்.

முதல் நாள் 140 பேர். அதில் நூறு பேருக்கு மூட்டுவலி, இடுப்புவலி, நெஞ்செரிச்சல். வருடம் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற முதுகுக்கு நான் பத்து பாராசிட்டமால் கொடுத்தேன். சத்து மாத்திரை கேட்காதவர் இல்லை. ஒரு சின்னப் பெண், இடுப்பில் கொழுகொழுவென்று குழந்தை, குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சிவப்பு சிரப் கிடைத்தது, என் குழந்தைக்கும் வேண்டும் என்று நின்றாள். டாக்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தார். யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் டீமில் எழுதாத சட்டம். வேலை பார்க்கும் இடத்தில் இப்படி மருந்து கொடுத்தால் என் லைசென்ஸ் போய்விடும். இங்கே கொடுத்தேன். கடல் தாண்டினால் மருந்தியல் மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஒன்று மட்டும் உருப்படியாக நடந்தது என்று இன்றுவரை நம்புகிறேன். கண்ணாடி. வெள்ளெழுத்துக்குப் போடுகிற சாதாரண வாசிப்புக் கண்ணாடி, 1.5லிருந்து 3 பவர் வரை ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தோம். ஒரு தாத்தா நான்கைந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். 2.5 போட்டதும் தலையைத் திருப்பி, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, உதட்டை அசைத்து வாசிக்க ஆரம்பித்தார். அது ஏதோ பழைய உரப்பையிலிருந்து கிழித்த விளம்பரத் தாள். முழுக்க வாசித்து முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. வரிசையும் அவரை அவசரப்படுத்தவில்லை. கண்ணாடிக்கு முப்பத்தோராம் நாள் என்று ஒன்று கிடையாது. கீழே போட்டு உடைக்காதவரை அது அவருடையது.

பிரஷர் அப்படி இல்லை. அது வலிக்காது, காய்ச்சல் வராது, பெரும்பாலும் தலைகூடச் சுற்றாது. மாத்திரை போட்டால் உடம்புக்கு ஒரு மாற்றமும் தெரியாது, நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் நிறுத்தினால் சில நாளில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும். வருடக்கணக்கில் அந்த எண்ணிலேயே ஓடுகிற ரத்தக்குழாய் ஒருநாள் பக்கவாதமாகக் காட்டும். அதனால்தான் ஒரே நாள் அளவை வைத்துச் சாதாரணமாக யாருக்கும் மாத்திரை தொடங்கமாட்டார்கள். வேறொரு நாள் வரச்சொல்லி மறுபடி பார்ப்பார்கள், உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், பிறகுதான் மருந்து. டாக்டர் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதா? எங்களிடம் வேறொரு நாள் இல்லை. மறுநாள் பக்கத்து ஊரில் முகாம்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகு நர்ஸிடம் நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அங்கே வயதில் மூத்தவர்களை ‘பொங்’ என்பார்கள். அண்ணன், அக்கா இரண்டுக்கும் ஒரே சொல். நான் பொங் என்றதும் சிரித்தார். அவர் என்னைவிட மூன்று வயது சின்னவராம். நோட்டைத் திறந்து காட்டினார். அன்று மட்டும் பதினேழு பேருக்குப் பிரஷர், ஒன்பது பேருக்குச் சர்க்கரை. பதினேழு கோடுகள், ஒன்பது கோடுகள்.

“இவங்கள்ல முக்கால்வாசிப் பேர்கிட்ட ஐடி-புவர் கார்டு இருக்கு” என்றார். கம்போடிய அரசு ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுத்துக் கொடுக்கிற அட்டை அது; அதைக் காட்டினால் அரசு மருத்துவமனையில் காசு இல்லாமல் பார்க்கலாம். ஆனால் தொடர்ந்து போடுகிற பிரஷர் மாத்திரை அப்போது அவருடைய ஹெல்த் சென்டரில் கிடையாது. மாவட்ட ரெஃபரல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கார்டு உண்டு, மருந்தும் உண்டு, நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர். யேய்க்குப் பிள்ளைகள் தாய்லாந்தில் கட்டட வேலை. யார் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது?

இன்னொன்றும் சொன்னார். அதே மாகாணத்தில் மோபோட்ஸ்யோ என்று ஒரு கம்போடிய அமைப்பு வேலை செய்கிறது. சர்க்கரை நோயாளிகளையே பயிற்சி கொடுத்து ஊர் ஊராக வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிற ஒருத்தி தன் வீட்டிலேயே பக்கத்துவீட்டுக்காரிக்குச் சோதித்துப் பார்ப்பாள், என்ன சாப்பிடலாம் என்று சொல்வாள், டாக்டரிடம் அனுப்புவாள். மருந்து விற்ற காசிலேயே அடுத்த மருந்தை வாங்கி, குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கும்படி ஒரு சுழல்நிதி. நான் கல்லூரியில் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு எளிமையான, இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாட்டைப் படித்ததில்லை. அந்த நர்ஸுக்கு வேண்டியிருந்தது அதில் யேய்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி. நாங்கள் கொண்டுபோயிருந்தது பதினொரு பெட்டி.

“வர்றதுக்கு முன்னாடி என்ன வேணும்னு உங்ககிட்டக் கேட்டாங்களா?” என்று கேட்டேன்.

“என்னைக்கி வர்றீங்கன்னு சொன்னாங்க” என்றார்.

ராத்திரிக் கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கே சட்டம் தெளிவு: வீடுவீடாகப் போய் மதம் பரப்பக்கூடாது, பொருள் கொடுத்து மதம் மாற்றக்கூடாது என்று 2007லேயே அரசு ஆணை இருக்கிறது. அதனால் பிரசங்கம் எல்லாம் சபைக் கொட்டகைக்குள்தான். தமிழில் பேசியதை எங்கள் டீம் லீடர் ஆங்கிலத்தில் சொல்ல, அதைப் புனோம் பென்னிலிருந்து வந்திருந்த ஒரு வேதாகமக் கல்லூரி மாணவர் கெமரில் சொல்வார். எங்கள் தம்பி ஒருவன் சாட்சி சொன்னான். நல்ல பையன். வேலை போய் ஆறு மாதம் வீட்டில் இருந்த கதை. “நான் எல்லாவற்றையும் இழந்தேன்” என்று குரல் உடைந்து நிறுத்தினான். லீடர் சொன்னார். மாணவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஏதோ சொன்னார்.

ராத்திரி பாத்திரம் கழுவும் இடத்தில் அவரிடம் கேட்டேன், ஏன் தயங்கினீர்கள் என்று.

“முன்வரிசையில இருந்த வயசானவங்க எல்லாரும் பொல் பொட் காலத்தத் தாண்டி வந்தவங்க. அவங்க முன்னாடி அந்த வார்த்தையை அப்படியே சொல்ல வாய் வரல. ‘ரொம்பக் கஷ்டப்பட்டேன்’னு மாத்திச் சொன்னேன். தப்பா?”

1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை பொல் பொட்டின் ஆட்சி, நான்கு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். 1923ல் அங்கே புராட்டஸ்டன்ட் ஊழியம் தொடங்கி, 1954ல் கெமர் மொழியில் முழு வேதாகமமும் வந்து, மெல்ல வளர்ந்துகொண்டிருந்த சபை அதோடு ஏறத்தாழ அழிந்துபோனது. தப்பியவர்களில் சிலர் அந்தக் கொட்டகையில் பாயில் உட்கார்ந்து எங்கள் தம்பியின் வேலை போன கதையைப் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னோம். நாற்பத்தேழு கை. அறிக்கையில் நாற்பத்தேழு என்றே எழுதினோம். அந்த மாணவரிடம் அதையும் கேட்டிருக்கக்கூடாது. “விருந்தாளி சொன்னா தூக்குவாங்க” என்றார்.

ஒன்பதாம் நாள், புனோம் பென் திரும்பியதும், நிகழ்ச்சிநிரலில் ‘அனாதை இல்லம், 2 மணி நேரம்’ என்றிருந்தது. இல்லத்தின் பெயர் வேண்டாம். வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் எந்த மொழி என்று ஆங்கிலத்தில் கேட்டான். தமிழ் என்றேன். அவன் பட்டியலில் அது இல்லை. கொரிய மொழியில் வணக்கம் சொல்லிக் காட்டினான், ஜப்பானியத்தில், இன்னும் எதிலெதிலோ. தமிழில் என்ன என்றான். ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னான். போன் எடுப்பதற்கு முன்பே சிரித்துக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றான். அவனுக்கு அது வேலை. அதை அவன் நன்றாகச் செய்தான்.

இன்னொரு சிறுமியின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்த பணிப்பெண், இவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அம்மாவா என்றேன். சந்தையில் காய்கறி விற்கிறாள் என்றார்.

ஊருக்கு வந்தபிறகு உட்கார்ந்து படித்தேன். 2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் கூடின. போர் முடிந்து எத்தனையோ வருடம் ஆகி, அனாதைகள் குறைந்துகொண்டிருந்த காலத்தில். அதில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள், கொடுக்கிற காசு கூடியது, அதற்கேற்ப இல்லங்கள் கூடின. இல்லங்கள் கூடியதும் ஏழைத் தாய்களிடம் போய்ப் பிள்ளைக்குப் படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று சொல்ல ஆட்கள் வந்தார்கள். யூனிசெப் இதைப் பற்றி எழுதியது, கம்போடிய அரசு பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப இலக்கு வைத்தது, ஆஸ்திரேலியாவில் 2018ல் நவீன அடிமைத்தனச் சட்டம் வருவதற்கு முந்தைய விசாரணையில் இதுவும் ஒரு தலைப்பானது. நாங்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மூட்டை அரிசியும் பொம்மைகளும் கொடுத்தோம். இதில் நடுநிலையாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. போகக்கூடாது. ஐந்து நிமிடத்துக்குக்கூட.

திரும்பிவந்த ஞாயிறு சாட்சி ஆராதனை. ஸ்லைடு ஷோவில் நாற்றங்கால், கை கூப்பிய யேய், தலை சாய்த்த பையன். எல்லோரும் அழுதார்கள். நான் மருந்துக் கணக்கோடு மொத்தக் கணக்கையும் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. மொத்தம் 14,400 டாலர். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் 8,900. தங்கல், வேன், சாப்பாடு 2,600. மருந்தும் கண்ணாடியும் 1,400. டீ-ஷர்ட், பேனர், பரிசுப்பொருள் 900. உள்ளூர்ச் சபைக்குக் கொடுத்த காணிக்கை 600. கடைசி இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணக்கை எங்களுக்கு முன்பே போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1998ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்டபிறகு வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழுகுழுவாகப் போய் வீடு கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயே வாழ்ந்த கர்ட் வேர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் பிறகு ஆராய்ந்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டியது. ஒரு வீட்டைக் கட்ட வந்த குழுவுக்கு ஆன பயணச் செலவு, சராசரியாக 30,000 டாலர். வெள்ளைக்காரர் கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கும் உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கும் வாழ்க்கையில் வித்தியாசம் தெரியவில்லை. போய்வந்தவர்களுக்கு வாழ்க்கை மாறியதா என்று பார்த்தால், வாயால் மாறிவிட்டது என்றார்கள். அவர்கள் கொடுத்த காணிக்கைக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

இதை நான் கமிட்டியில் வாசித்தேன். பொருளாளர் அங்கிள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நீ சொல்றது சரிம்மா. ஆனா தாக்கேவ்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கக் காசு குடுங்கன்னு கேட்டா இந்தச் சபையில 400 டாலர் தேறுமா? முகம் பார்த்தாத்தான் மனுஷன் குடுப்பான்” என்றார். அவர் சொன்னதும் சரிதான். நானே போகாமல் இருந்திருந்தால் அந்த நர்ஸின் நோட்டில் இருந்த கோடுகள் எனக்குத் தெரிந்திருக்காது. போவதே தப்பு என்று எழுத உட்காரவில்லை. யாருடைய நாட்காட்டியைப் பார்த்துப் போனோம், யார் கேட்டதைக் கொண்டுபோனோம் என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. மேடையில் முப்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிறகு பிஷப் ஆனவர். எதிரே மேல்நாட்டு மிஷன் சங்கங்களின் பெரிய மனிதர்கள். ஏழைகளைப் போஷிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று சொல்லி முடித்தார். கூட்டத்தில் பலருக்கு அது ரசிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டு, நம் ஆள் எப்படிப் பேசினார் பார் என்று பூரித்திருக்கிறேன். நூறு வருடம் கழித்து நான் நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாயில் இருந்தவர் கேட்டது ஒரு வரிக் கேள்வி.

அந்த நர்ஸோடு மெசஞ்சரில் தொடர்பு விடாமல் பார்த்துக்கொண்டேன். ஆறு மாதம் வெறும் நலம் விசாரிப்புதான். ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் அவராக மூன்று விஷயம் கேட்டார். ஜூலையில் வரவேண்டாம். நல்ல பிரஷர் மெஷின் இரண்டு வேண்டும். மாதம் ஒரு நாள் ரெமோர்க் ஒன்றை வாடகைக்குப் பிடித்து எல்லோரையும் ரெஃபரல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வர 60 டாலர். ரெமோர்க் என்பது பைக்கின் பின்னால் வண்டி கட்டிய அந்த ஊர் ஆட்டோ. முதலில் லோக் க்ருவின் நாற்றுக் கடனை விசாரித்து அடைத்தோம். அதை வாங்கவைக்கவே படாத பாடு பட்டோம். 60 டாலருக்குக் கமிட்டியில் மூன்று கூட்டம் நடந்தது. பேனர் பிடிக்க இடமில்லாத செலவு என்பதால் இழுத்தது என்று நினைக்கிறேன். கடைசியில் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளே ஏற்றுக்கொண்டார்கள், சூரியன் படம் வெட்டிய அதே பிள்ளைகள்.

பத்தொன்பது மாதம் கழித்து, பிப்ரவரியில், இரண்டே பேர் போனோம். நானும், எங்கள் மூப்பர் ஒருவரின் மனைவியும். எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. மருந்துப் பெட்டி இல்லை, டீ-ஷர்ட் இல்லை, நிகழ்ச்சிநிரல் இல்லை. முதல் நாள் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆன்ட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. பனஞ்சாறு காய்ச்சும் காலம் அது. ஒரு வீட்டுக் கொட்டிலில் பெரிய வாணலிக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர், துடுப்பை வாங்கிக் கிண்ட ஆரம்பித்தார். மொழி ஒரு சொல் தெரியாது. சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் நர்ஸ் என்னை யேய் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ரெமோர்க் பட்டியலில் யேய் பெயர் இருந்தது. பத்து மாதத்தில் ஏழு தடவை போயிருந்தார். ஏணியேறி மாடியில் பாயில் உட்கார்ந்தோம். புது மெஷினில் 148/90. நர்ஸ் நோட்டில் எழுதினார். கட்டம் காலியாக இல்லை, ஆஸ்பத்திரி மாத்திரையின் பெயரும் அடுத்த தேதியும் இருந்தது.

பயணக் களைப்போ, கீழே காய்ச்சிய புகையோ, எனக்குக் காலையிலிருந்தே தலை விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. நெற்றியைத் தேய்த்ததை யேய் பார்த்துவிட்டார். நர்ஸிடம் ஏதோ கேட்டார், நர்ஸ் சிரித்துக்கொண்டே தலைவலியாம் என்று சொல்லியிருக்கவேண்டும். யேய் எழுந்து, கைக்கெட்டும் உத்தரத்திலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே ஐடி-புவர் கார்டு, மகனின் புகைப்படம், அதற்கடியில் புகையேறிப் பழுப்பான ஒரு ஜிப் கவர். மேலே பாதி உரிந்த சூரியன்.

வெளிநாட்டு மாத்திரை, ரொம்ப நல்லது, ரொம்ப முடியாத நாளில் மட்டும் ஒன்று போடுவேன் என்று அவர் சொன்னதாக நர்ஸ் சொன்னார்.

அட்டையில் ஏழு மிச்சம் இருந்தது. பின்பக்கம் திருப்பித் தேதி பார்ப்பது என் கைக்குப் பழகிப்போன விஷயம். காலாவதியாகி ஐந்து மாதம். யேய் என்னிடமிருந்து அட்டையை வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி ஒன்றைப் பிதுக்கி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“ஆர்குன், யேய்” என்றேன்.